ஆசிய அரோவானா

ஆசிய அரோவானா தென்கிழக்கு ஆசியாவின் நன்னீர்நிலைகளில் வாழும் ஒரு பெரிய மீன். மலாய் மொழியில் இதற்குக் கெலிசா என்று பெயர். போர்னியோவின் கப்புவாஸ் ஆற்றோரங்களில் சிலுக் என்கிறார்கள். சீனர்கள் டிராகன் மீன் என்று அழைக்கிறார்கள். அறிவியல் பெயர் ஸ்க்ளெரோபேஜஸ் ஃபார்மோசஸ். வீட்டுத் தொட்டிக்காக விற்கப்படும் நன்னீர் மீன்களில் மிக உயர்ந்த விலை பெறுபவற்றுள் இது முதன்மையானது. இன்று பண்ணைகளில் ஏராளமாகப் பெருகும் இந்த மீனை அதன் சொந்த ஆறுகளில் தேடினால் காண்பது அரிது.

இது எலும்புநாக்கு மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. நாக்கின் எலும்பில் பற்கள் முளைத்திருப்பதால் அக்குடும்பத்துக்கு அந்தப் பெயர். உடல் பட்டையாகவும் நீளமாகவும் இருக்கும். முழுவளர்ச்சியில் 90 சென்டிமீட்டர் வரை எட்டும். வாய் மேல்நோக்கிப் பிளந்திருக்கும். தாடை நுனியில் இரண்டு மீசைகள் நீண்டிருக்கும். உடலை மூடிய செதில்கள் மிகப் பெரியவை, ஒளிபட்டால் உலோகத்தகடு போல மின்னுபவை. நீரின் மேற்பரப்பை ஒட்டியே நீந்தி, விழும் பூச்சிகளையும் சிறு மீன்களையும் தவளைகளையும் பிடித்துத் தின்னும். தாழ்ந்த கிளையில் இருக்கும் பூச்சியை நீரிலிருந்து துள்ளிப் பிடிக்கவும் வல்லது. மெதுவாக ஓடும் ஆறுகள், காட்டுச் சதுப்புகள், உதிர்ந்த இலைகளின் சாறு இறங்கித் தேயிலை நிறமாகிப்போன அமிலத்தன்மை கொண்ட கறுப்புநீர் ஓடைகள் ஆகியவை இதன் வாழிடம். தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம், மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகிய பகுதிகளில் இயற்கையாகப் பரவியிருந்தது. மியன்மாரில் கிடைத்த, செதில்களில் பாத்திக் துணி போன்ற கோலங்கள் கொண்ட மீன் 2012இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது.

அரோவானா அருகிப்போனதற்கான காரணத்தில் ஒரு பாதி அதன் இனப்பெருக்க முறையிலேயே இருக்கிறது. கெண்டை மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். அரோவானா இடுவது சில பத்து முட்டைகளே. அவை பெரியவை, மஞ்சள்கரு நிறைந்தவை. பெண் இட்ட முட்டைகளை ஆண் தன் வாய்க்குள் எடுத்துக்கொண்டு அடைகாக்கும். முட்டை பொரிந்த பின்னும் குஞ்சுகள் மஞ்சள்கருப் பையைச் சுமந்தபடி அந்த வாய்க்குள்ளேயே தங்கும். இப்படி ஏறத்தாழ இரண்டு மாதம் கழியும். அந்த நாள்களில் தந்தை மீன் இரை எடுப்பதில்லை. முதிர்ச்சியடைய மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே குஞ்சுகளுக்காக ஓர் ஆண் மீனைப் பிடிப்பவர் ஒரு குடும்பத்தை முழுமையாக எடுத்துவிடுகிறார். இழப்பை ஈடுசெய்ய அந்த ஆற்றுக்குப் பல ஆண்டுகள் தேவைப்படும்.

இந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் தென்னமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்கின்றன. உப்புநீரைத் தாங்காத மீன்கள் கடல்களால் பிரிந்த கண்டங்களில் எப்படி இருக்க முடியும் என்பது உயிரியலாளர்களை நெடுங்காலம் ஈர்த்த கேள்வி. ஜப்பானிய ஆய்வாளர்களான குமாசாவா, நிஷிடா இருவரும் 2000இல் மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் ஒரு விடை முன்வைத்தனர். ஆசிய அரோவானாவும் அதன் ஆஸ்திரேலிய உறவினமும் ஏறத்தாழ 13.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்றும், கோண்டுவானா என்ற பண்டைய பெருங்கண்டத்திலிருந்து உடைந்து வடக்கே நகர்ந்த இந்திய நிலத்தட்டே அரோவானாவின் முன்னோரைச் சுமந்துவந்து ஆசியாவில் சேர்த்தது என்றும் அவர்கள் கருதினர். சீனாவில் கிடைத்த இயோசீன் காலத்து அரோவானாப் புதைபடிவம் 2017இல் விவரிக்கப்பட்ட பின் அந்தக் கதை அவ்வளவு நேரானதல்ல என்று தெரிகிறது. ஆனாலும் இன்று தென்னிந்திய ஆறு எதிலும் இல்லாத இந்த மீனின் மூதாதையருக்கு இந்திய நிலத்தோடு ஒரு பழைய தொடர்பு இருந்திருக்கலாம் என்பது கருதத்தக்கது.

ஆற்றுக்கு ஆறு நிறம் மாறுவதே வணிகத்தில் இதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. பச்சை அரோவானா மிகப் பரவலானது, விலையும் குறைவு. சுமத்ராவின் சிவப்புவால் பொன் வகையில் பொன்னிறம் பக்கவாட்டில் நான்காம் வரிசைச் செதிலோடு பெரும்பாலும் நின்றுவிடும். மலேசியாவில், குறிப்பாகப் பேராக் மாநிலத்தின் புக்கிட் மேரா ஏரிப் பக்கம் தோன்றிய வகையில் அது முதுகைத் தாண்டி மறுபக்கம் சேரும். அதனால்தான் அந்த வகைக்கு கிராஸ்பேக் என்று பெயர். புக்கிட் மேரா இயற்கை ஏரியன்று; கிரியான் சமவெளியின் நெல் வயல்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட நீர்த்தேக்கம். எல்லாவற்றிலும் புகழ்பெற்றது சூப்பர் ரெட். இது போர்னியோவின் மேற்குக் கலிமந்தானில் கப்புவாஸ் ஆற்றின் மேல்பகுதியிலும், அதை ஒட்டிய சென்தாரும் ஏரித்தொகுதியிலும் மட்டுமே இயற்கையாக உள்ளது. இதன் குஞ்சு வெளிறியே இருக்கும். செவுள்மூடியிலும் துடுப்பிலும் தொடங்கும் சிவப்பு உடலெங்கும் ஊறிப் பரவச் சில ஆண்டுகள் ஆகும். வாங்குபவர் குஞ்சில் பார்ப்பது நிறத்தையல்ல, வரப்போகும் நிறத்தின் வாக்குறுதியை. இவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரிக்கும் முயற்சி 2003இல் நடந்தது. வகைப்பாட்டியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

கப்புவாஸ் கரையில் வாழ்ந்தவர்கள் சிலுக்கை ஒருகாலத்தில் உணவாகவே பிடித்தனர். முள் மிகுந்த சாதாரணக் குழம்பு மீன் அது. அலங்கார மீன் வணிகர்களின் கண் அதன்மேல் விழுந்த பிறகு நிலைமை மாறியது. பெரிய செதிலும் மீசையும் நிதானமான நீச்சலும் சீன மரபில் செல்வத்துக்கும் வலிமைக்கும் அடையாளமான டிராகனை நினைவூட்டின. ஃபெங்சுயி என்ற சீன வாஸ்து முறையில் நம்பிக்கை கொண்டோர் கடைகளிலும் அலுவலகங்களிலும் இதை வைத்தால் செல்வம் சேரும், கெடுதல் வந்தால் மீன் அதைத் தான் ஏற்று இறந்து உடையவரைக் காக்கும் என்று நம்பினர். ஜப்பான், தைவான், சிங்கப்பூர், பிறகு சீனா என்று தேவை பெருகியது.

இந்த வளர்ச்சியில் சட்டத்தின் பங்கையும் பார்க்க வேண்டும். அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தபோதே ஆசிய அரோவானா அதன் முதல் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. புலியும் காண்டாமிருகமும் உள்ள பட்டியல் அது. காட்டிலிருந்து பிடித்தவற்றை வணிகத்துக்காக நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வதை அது தடை செய்கிறது. அமெரிக்கா 1976இல் இதைத் தன் அழிவாய்ப்பு இனச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. அந்நாட்டில் இன்றுவரை இதைச் செல்லமீனாக வைத்திருக்க முடியாது. தடை நல்லெண்ணத்தோடு வந்தது. ஆனால் தடையே ஒரு முத்திரையாகிவிட்டது. சட்டத்தால் அரிதென்று அறிவிக்கப்பட்ட பொருள் வைத்திருப்பவருக்குப் பெருமை தந்தது, விலை ஏறியது, விலை ஏற ஏறக் காட்டு மீனைத் திருட்டுத்தனமாகப் பிடிப்பதில் ஆதாயம் கூடியது. 1980களில் கப்புவாஸ் ஏரிகளில் இரவில் விளக்கடித்து, மீனின் கண் ஒளிரும் இடத்தில் வலைவீசி, அடைகாக்கும் ஆண்களின் வாயிலிருந்து குஞ்சுகளை எடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. உள்ளூரில் காவல் இல்லாமல் எல்லையில் மட்டும் போடப்படும் தடை இனத்தைக் காக்காது என்பதற்கு அரோவானா தெளிவான சான்று.

தீர்வாக வந்தது பண்ணை வளர்ப்பு. 1980களில் சிங்கப்பூரிலும் பிறகு மலேசியா, இந்தோனேசியாவிலும் சிறைநிலை இனப்பெருக்கம் கைகூடியது. 1990களிலிருந்து சைட்டீஸ் அமைப்பு தகுதியுள்ள பண்ணைகளைப் பதிவு செய்கிறது. அடைப்பில் பிறந்த தலைமுறையிலிருந்து மீண்டும் ஒரு தலைமுறையைப் பெருக்கிக் காட்டும் பண்ணையே பதிவு பெறும். அதன் மீன்களை மட்டுமே வணிகமாக ஏற்றுமதி செய்யலாம். ஒவ்வொரு மீனின் முதுகுத் தசையிலும் அரிசி அளவிலான ஒரு நுண்சில்லு செலுத்தப்படும். சில்லின் எண் மீனோடு தரப்படும் சான்றிதழிலும் இருக்கும். கருவியை மீன்மேல் காட்டி எண்ணைப் படித்து இரண்டையும் ஒப்பிடலாம்.

அரோவானாவில் ஆண் பெண் அடையாளம் காண்பது கடினம். ஆணின் தலையும் வாயும் சற்றுப் பெரிது என்பதைத் தவிர வெளிப்படையான வேறுபாடு இல்லை. எனவே பண்ணையாளர்கள் மண்குளங்களில் பல மீன்களைச் சேர்த்துவிட்டு அவையே இணை தேர்ந்துகொள்ள விடுகிறார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை வலையிழுத்து, தொண்டை புடைத்திருக்கும் ஆணைப் பிடித்து, கீழ்த்தாடையை மெல்லத் திறந்து குஞ்சுகளைப் பாத்திரத்தில் உதிர்க்கிறார்கள். சிவப்பு முத்து போன்ற மஞ்சள்கருப் பையோடு வரும் அவை கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படுகின்றன. தந்தை மீனோ விரைவில் மறுபடி இணைசேரத் தயாராகிவிடும். பண்ணையின் ஆதாயம் அதில்தான்.

விலை வகையையும் தரத்தையும் பொறுத்தது. பச்சைக் குஞ்சு எளிய விலைக்குக் கிடைக்கும். நல்ல சூப்பர் ரெட் ஆயிரக்கணக்கான டாலர் பெறும். நிறமிக் குறைபாட்டால் வெண்மையாகப் பிறக்கும் பிளாட்டினம், அல்பினோ மீன்களுக்கு லட்சம் டாலருக்கு மேல் கேட்கப்பட்டதாகச் செய்திகள் வந்துள்ளன. சிங்கப்பூரில் நடந்த அக்வாராமா கண்காட்சியில் அரோவானாப் போட்டி தனிக் கவர்ச்சி. துடுப்பின் விரிவு, மீசையின் நேர்மை, செதிலின் ஒழுங்கு, நீந்தும் தோரணை என்று நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். பண்ணைகள் பெருகியதும் சந்தைக்கு அளவுக்கு மீறிக் குஞ்சுகள் வந்து 2010களில் சாதாரணத் தரங்களின் விலை சரிந்தது. உயர்தர மீனின் விலை மட்டும் ஓரளவு நின்றது.

வீட்டில் இதை வளர்ப்பது ஒரு நீண்டகாலப் பொறுப்பு. இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய மீன் இது. வளர்ந்த மீன் திரும்ப இடம் வேண்டும் என்பதால் ஆறடிக்குக் குறையாத நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள தொட்டி தேவை. துள்ளி வெளியே விழாதபடி கனமான மூடி கட்டாயம். நீர் 24 முதல் 30 பாகை செல்சியஸ் வரையிலும் சற்றே அமிலத்தன்மையோடும் இருக்க வேண்டும். வடிகட்டியும் வாராந்திர நீர்மாற்றமும் தவறக் கூடாது. தன் இனத்தோடும் சண்டையிடுவதால் பெரும்பாலோர் ஒன்றையே தனியே வைக்கின்றனர். சிள்வண்டு, இறால், புழு, சிறு மீன் ஆகியவை உணவு. ஒரே உணவுக்குப் பழகிய மீன் வேறெதையும் வாரக்கணக்கில் தொடாமல் பிடிவாதம் பிடிக்கும். சிவப்பைத் தூண்டுவதற்காகச் சிலர் தொட்டியில் நாள் முழுதும் கடும் வெளிச்சம் பாய்ச்சுகின்றனர். இருண்ட கறுப்புநீரில் பரிணமித்த மீனுக்கு இது இயல்பானதன்று.

தொட்டி வாழ்வின் இன்னொரு விளைவு கண் தொங்கல். விழி மெல்ல மெல்லக் கீழ்நோக்கித் திரும்பி அப்படியே நின்றுவிடும். தொட்டிக்குள் கீழே பார்த்தபடி இருப்பது, கண்ணுக்குப் பின்னால் கொழுப்புச் சேர்வது ஆகியவை காரணமாகச் சொல்லப்படுகின்றன. போட்டிக்குரிய மீனுக்கு இது பெருங்குறை என்பதால், மயக்கமருந்திட்டு விழிக்குப் பின்னுள்ள கொழுப்பை அகற்றி நிமிர்த்தும் அறுவை செய்யும் தொழிலர் சிங்கப்பூரில் உண்டு. தாடை நீண்டால் நறுக்குவதும் வால் கோணினால் சரிசெய்வதும் நடக்கின்றன. இவை எவையும் மீனின் நலனுக்காக அல்ல, பார்ப்பவரின் கண்ணுக்காக. விலை உயர்ந்த விலங்குகளை வளர்க்கும் பழக்கத்தில் மிகக் கவலை தரும் பகுதி இதுதான்.

இந்தியாவில் சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் அரோவானா என்று பரவலாக விற்கப்படுவது தென்னமெரிக்காவின் சில்வர் அரோவானா. அது வேறு இனம். குஞ்சின் விலை குறைவு, ஆனால் ஒரு மீட்டரை நெருங்கி வளரும். விரலளவில் வாங்கியவர் ஓராண்டில் தொட்டி போதாமல் தவிப்பதும், வாங்க ஆளில்லாத மீன் குளத்தில் விடப்படுவதும் உண்டு. 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் அராபைமா, அலிகேட்டர் கார் போன்ற அயல் பெருமீன்கள் அங்குள்ள ஆறுகளில் அகப்பட்டது, வளர்ப்பு மீன் உள்ளூர் இனங்களுக்கு எப்படி ஆபத்தாகும் என்பதை உணர்த்தியது.

ஆசிய அரோவானாவைப் பொறுத்தவரை, 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்டீஸ் இனங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. இவற்றை உயிருடன் வைத்திருப்பவர் 2024இல் வெளியான விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பின்னர் கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். முதல் பின்னிணைப்பு இனங்களை இனப்பெருக்கம் செய்ய முதன்மை வனவிலங்குக் காப்பாளரின் உரிமம் தேவை. சான்றிதழும் சில்லும் இல்லாத மீனை வாங்குபவர் கடத்தலின் கடைசிக் கண்ணியாகிறார்.

காட்டில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. இந்தோனேசியா இந்த மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்துள்ளது. சென்தாரும் தேசியப் பூங்காவும் 1999இல் அறிவிக்கப்பட்டது. இருந்தும் சதுப்புக் காடுகள் செம்பனைத் தோட்டங்களாகின்றன, வறண்ட ஆண்டுகளில் அவை தீப்பிடிக்கின்றன, பொன் கழுவுவோர் கொட்டும் பாதரசம் கப்புவாஸில் கலக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஆசிய அரோவானாவை அழிவாய்ப்புள்ள இனமாகவே வைத்திருக்கிறது. பண்ணை மீனைக் கொண்டு ஆறுகளை நிரப்பலாம் என்ற யோசனைக்கு அறிவியல் தயக்கம் காட்டுகிறது. பல பண்ணைகளில் நிறத்துக்காக வெவ்வேறு ஆற்று வகைகள் கலப்புச் செய்யப்பட்டுள்ளன. பல தலைமுறையாகத் தொட்டிக்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்ட அவற்றைக் காட்டில் விட்டால், அங்கு எஞ்சியிருக்கும் தனித்த இனக்குழுக்களின் மரபும் கலைந்துவிடும். ஆகவே மூல வகைகளைக் கலப்பின்றிக் காக்கும் தனிக் குளங்களும், அந்தந்த ஆற்றோரக் காடுகளும் மட்டுமே இப்போதைக்கு நம்பத்தக்க வழியாக உள்ளன.