கல்நார் வழக்குகள்: பதிவேடும் உடலும்

திருப்பருத்திக்குன்றத்துத் தறி வீடுகளில் ஓடு மாற்றி மாளாதவர்கள் 'ஆஸ்பெட்டாஸ் சீட்டு' போட்டுவிடுகிறார்கள். பாவு நனையாது, பத்து இருபது வருஷத்துக்குக் கவலை இல்லை என்பார்கள். நெய்யக் கொடுத்த பட்டும் சரிகையும் சங்கத்துப் புத்தகத்தில் கிராம் கணக்கில் ஏறுகின்றன. அதே தெருவில் சீட்டை அறுத்து, துளை போட்டு, தூசியைச் சுவாசித்துவிட்டுப் போகிற கூலியாளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. கல்நார் வழக்குகளின் வரலாற்றை இந்த விடுபடலிலிருந்து வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நுரையீரலில் தங்கிய கல்நார் இழை நோயாகத் தெரிய பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகிறது. சட்டமோ தேதி கேட்கிறது, முதலாளியின் பெயர் கேட்கிறது, சான்று கேட்கிறது. அதற்குள் ஆலை மூடியிருக்கும், காண்ட்ராக்டர் மாறியிருப்பார், தொழிலாளி செத்திருப்பார். நோயைக் காட்டிலும் காலமே இவ்வழக்குகளின் மையப் பிரச்சினை.

அமெரிக்காவில் கிளாரன்ஸ் போரெல் 1936 முதல் 1969 வரை வெப்பக்காப்புப் பூச்சு வேலை செய்தவர். வழக்குப் போட்டார்; விசாரணைக்கு முன்பே 1970இல் இறந்தார். அபாயத்தை எச்சரிக்காத உற்பத்தியாளரே பொறுப்பு என்று 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிறகு வழக்குகள் குவிந்தன. நிறுவனங்கள் 1930களில் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் வெளிவந்தன. தெரியாமல் நடந்தது என்ற கதையாடல் உடைந்தது. 1982இல் ஜான்ஸ்-மான்வில் நிறுவனம் திவால் சட்டத்திடம் அடைக்கலம் புகுந்தது. திவால்னா கடையைச் சாத்திட்டாங்கன்னு அர்த்தமில்லை. வியாபாரம் தொடர்ந்தது, வழக்குகள் மட்டும் நிறுத்தப்பட்டுப் பின்னர் ஓர் அறக்கட்டளையிடம் தள்ளிவிடப்பட்டன.

இத்தாலியில் எட்டர்னிட் வழக்கில் முதலாளிகளுக்கு 2012இல் 16 ஆண்டுச் சிறை விதித்தது டூரின் நீதிமன்றம். 2014இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆலைகள் 1986இலேயே மூடப்பட்டதால் காலாவதியாம். சாவு நின்றபாடில்லை, குற்றத்துக்கு மட்டும் வயதாகிவிட்டது.

நமது கதை என்ன? 1986இல் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த மனுவில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27இல் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் ஆரோக்கியம் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்ற வாசகத்தைத்தான் நாம் மேடைதோறும் சொல்கிறோம். நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்பதும் தெரியும். அதிகம் பேசப்படாத உத்தரவு ஒன்று உண்டு. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுபெற்றபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும். நோயின் காலத்தைச் சட்டத்தின் காலத்தோடு பொருத்த முயன்ற உத்தரவு இது. தீர்ப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் பதிவேடு யார் கையில்? முதலாளி கையில். யாருக்கு? ஆலைத் தொழிலாளிக்கு. காஞ்சிக்குப் பக்கத்திலேயே அரக்கோணத்தில் கல்நார்த் தகடு செய்யும் ஆலை உண்டு. இந்த உத்தரவு அத்தகைய ஆலைகளின் வாசல் வரை செல்லும். சீட்டு லாரி ஏறிய பிறகு அதை அறுப்பவருக்கும் இடிப்பவருக்கும் அது எட்டுவதில்லை.

2011இல் கல்நாரை முற்றாகத் தடைசெய்யக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. போட்டிப் பொருள் தயாரிப்பாளருக்கு அனுகூலமான மனு, பொதுநலம் அல்ல என்றது. 1995 உத்தரவுகளை நிறைவேற்றவும் சொன்னது. மனுதாரரின் நோக்கம் கறைபட்டதென்றே இருக்கட்டும். இரண்டு வியாபாரங்களுக்கு இடையிலான சண்டையாக வழக்கு வாசிக்கப்பட்ட கணத்தில் தொழிலாளியின் நுரையீரல் காணாமல் போயிற்று. உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடைசெய்த பொருள் இங்கே இன்றும் கூரையாகிறது.

தடைக்கான போராட்டம் தொடரட்டும். கூடவே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. யார், எந்த வருஷம், எந்தத் தெருவில், எத்தனை சீட்டு அறுத்தார்கள் என்று கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். சரிகைக்குக் கிராம் கணக்கு வைத்துப் பழகிய ஊருக்கு இது புதுசில்லை. முப்பது வருஷம் கழித்து இருமலோடு ஒருவர் கோர்ட் படியேறும்போது, 'நீ அங்கே வேலை செய்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று கேட்பார்கள். அப்போது நீட்ட ஒரு தாளாவது அவர் கையில் இருக்க வேண்டும்.