பெட்டிப் பட்டமும் கிருஷக்கும்

பெங்களூருக்குக் குடிவந்த நம்மவர்களுக்கு ஹெச்.ஏ.எல். என்றாலே பழைய ஏர்போர்ட் ரோடு டிராஃபிக்தான் ஞாபகம் வரும். அந்த ஹெச்.ஏ.எல்.லில் உருவான ஒரு குட்டி விமானத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்கு முன்னால் 1911-க்கு ஒரு நடை போய் வரலாம், வாங்க.

விமானத்தை வைத்து ராணுவம் என்ன செய்யும் என்று யாருக்கும் சரியாகப் புரியாத காலம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கம்பெனி, வியாபாரம் பிடிப்பதற்காகத் தன் 'பாக்ஸ்கைட்' விமானங்களை இந்தியாவுக்கு அனுப்பியது. இரண்டடுக்கு இறக்கை, மரச்சட்டம், துணி, கம்பி, 50 குதிரைசக்தி எஞ்சின். வேகம் மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். விமானியைச் சுற்றி மறைப்பே கிடையாது. 'பெட்டிப் பட்டம்' என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை!

அந்த ஜனவரியில், நிஜாம் ராஜ்யத்து ஔரங்காபாத் பக்கம் குதிரைப்படை ஒத்திகை. ஹென்றி ஜூலரோ என்ற பிரெஞ்சுக்காரர் ஓட்ட, கூடப் போன கேப்டன் செஃப்டன் பிராங்கர், 'எதிரி'ப் படை எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்து வந்து தளபதியிடம் சொன்னார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? எங்கள் வங்கியில் கடன் கொடுக்குமுன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். பார்க்காமல் கொடுத்தால் போவது பணம். பார்க்காமல் படையை அனுப்பினால் போவது உயிர். 1914 செப்டம்பரில், பாரிஸை நெருங்கிய ஜெர்மன் படை திசை திரும்பியதை விமானத்திலிருந்துதான் கண்டார்கள். மார்ன் போரின் போக்கே மாறியது.

சுதந்திரத்துக்குப் பின் நம் ராணுவம், பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று பார்க்க பிரிட்டிஷ் 'ஆஸ்டர்' விமானங்களை வைத்திருந்தது. அதே வேலைக்கு பெங்களூர் ஹெச்.ஏ.எல். செய்ததுதான் 'கிருஷக்'. 'புஷ்பக்' என்ற தன் சிறு விமானத்தை வளர்த்து உருவாக்கியது. 1959 நவம்பரில் முதலில் பறந்தது. இதற்கு ஓரடுக்கு இறக்கைதான். அதுவும் தலைக்கு மேலே இருந்ததால் கீழே பார்க்கத் தடையில்லை. சுமார் 70 விமானங்கள் தயாராயின. 1970-களின் நடுவில் 'சீட்டா' ஹெலிகாப்டர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதுவும் ஹெச்.ஏ.எல். தயாரிப்புதான்.

விற்பனைக்கு வந்த பட்டத்தை 1911-ல் வேடிக்கை பார்த்த நாடு, 48 வருஷத்தில் சொந்தக் கண்ணை வானத்துக்கு அனுப்பிவிட்டது. கிருஷக் என்றால் உழவர். மண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா, சொல்லுங்கள்?