மூளை அறுவையும் ஒத்திகைத் தலையும்

கைப்பழக்கத்தால் வாய்க்கும் தொழில் எதுவாயினும், பயில்வோன் சில பொருள்களைக் கெடுத்தே தேர்ச்சி பெறுகிறான். தச்சனுக்குக் கெடுவது மரத்துண்டு. மூளை அறுவை பயில்வோனுக்கு? நெடுங்காலம் அவன் ஆசானின் தோளருகே நின்று கண்டான். பின்னர் அவர் மேற்பார்வையில் உயிருள்ள தலையிலேயே கை வைத்தான். பதப்படுத்திய பிணத்தின் மூளையோ இறுகிவிடும். கற்க வேண்டிய கட்டியும் அதில் இராது.

இக்குறையைப் போக்க முதலில் கணினி முன்வந்தது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் ‘நியூரோடச்’ என்னும் மெய்நிகர்ப் பயிற்சிப் பொறியைப் படைத்தது. 2009 ஆகஸ்டில் ஹாலிபாக்ஸ் நகர மருத்துவர் டேவிட் கிளார்க், நோயாளி ஒருவரின் மூளைக்கட்டியை அதன் திரையில் முன்கூட்டி அகற்றிப் பார்த்த பின்னரே மெய்யான அறுவையில் இறங்கினார்.

கோலாலம்பூர் வேறு வழி கண்டது. பிரிக்பீல்ட்ஸுக்கு அணித்தேயுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில், டி. ஜே. தனராஜ் முதல் தலைவராயிருந்து வளர்த்த மருத்துவப் புலத்தைச் சேர்ந்த விக்னேஸ் வரன், வைரவன் நாராயணன், ரவீந்திரன் கருப்பையா ஆகியோர், ஆக்ஸ்போர்டு, போர்ட்ஸ்மவுத் ஆய்வாளருடன் கூடி, முப்பரிமாண அச்சுப்பொறியால் தலையையே வார்த்தனர். அம்முயற்சி 2013 டிசம்பரில் அமெரிக்க நரம்பியல் அறுவை ஆய்விதழில் வெளியாயிற்று. ஆசிரியர் வரிசையில் இப்பெயர்களைக் காணும் நம் மாணவன் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தால் அது பிழையன்று.

அத்தலையின் அமைப்பு வியத்தற்குரியது. தோலைக் கீறலாம், தைக்கலாம். எலும்பு துளைகருவிக்கு எதிர்நின்று கடினங்காட்டும். அதனடியில் மெல்லிய மூளையுறை. கட்டியோ சுற்றியுள்ள மூளையினும் மென்மையாய், வேற்று நிறத்தில் அமைந்திருக்கும். திரைப்பொறியின் கைப்பிடியும் எதிர்விசை தருவதே. எனினும் அறுவைக்கூடத்துக் கத்தியையே ஏந்திப் பழகுவது கைக்கு வேறு பாடம். நோயாளிகளின் ஊடுகதிர் அடுக்குப் படங்களிலிருந்து வார்க்கப்படுவதால், அறுவையில் வழிகாட்டும் கணினிக் கருவியும் இத்தலையை மெய்த்தலைபோல் ஏற்றுக்கொள்ளும்.

செலவையும் அவர்கள் மறக்கவில்லை. முகமும் அடித்தலையும் நிலையாய் நிற்க, அறுபடும் பகுதி மட்டும் தனித்துண்டாய்ச் செய்யப்பட்டது. பயிற்சி முடிந்ததும் அதைக் கழற்றி எறிந்து புதிது பொருத்தலாம். ஆசிரியர்க்கு இதில் மற்றொரு நலனுண்டு: ஒரே கட்டியை, ஒரே ஆழத்தில், பத்து மாணவர்க்கும் ஒரே வினாத்தாள்போல் வைத்து, யார் கை எங்கே தவறியது என்று அத்துண்டைப் பிளந்தே காட்டலாம்.