காசம் என்னும் சொல்: கொங்கு நாட்டில் அறிவியல் வரையறை வளர்ந்த வரலாறு

சித்த மருத்துவ நூல்களில் 'காசம்' என்பது இருமல் நோயைக் குறிக்கும். உடல் தேய்ந்து மெலியும் நோய்க்கு அந்நூல்கள் இட்ட பெயர் 'சயம்'. ஆயினும் பெருந்துறையில் இருந்த சானடோரியத்தைக் கொங்கு மக்கள் காசநோய் மருத்துவமனை என்றே வழங்கினர். 1882-இல் இராபர்ட் காக் அந்நோயை விளைவிக்கும் நுண்ணுயிரைக் கண்டறிந்து அறிவித்தார். அதன்பின் அந்நோய் அறிகுறியால் அன்றிக் காரணத்தால் வரையறுக்கப்படலாயிற்று. நுரையீரலில் மட்டுமன்றி எலும்பிலும் நிணநீர்க் கணுவிலும் அஃது உண்டாகும் என்பது தெளிவாயிற்று. 'எலும்புக் காசநோய்' என்னும் தொடரைப் பழைய மருத்துவர் ஒருவர் கேட்டிருப்பின், எலும்பு எவ்வாறு இருமும் என வினவியிருப்பார். சொல் பழையது, அதன் பொருள் வரம்பு புதியது.

தமிழ்க் கலைச்சொல் வரலாறு பெரும்பாலும் சொற்பட்டியல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்தக் குழு எத்தனை சொற்களை ஆக்கியது, அவற்றுள் வடசொல் எத்தனை என்னும் கணக்கே அதில் முதன்மை பெறுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ்ச் சொல் ஒன்றை நிறுத்துவது வேறு. அச்சொல் எதனைக் குறிக்கும், எதனைக் குறிக்காது என வரம்பிடுவது வேறு. பின்னதே அரிய பணி. நன்னூல் யாத்த பவணந்தி முனிவரைக் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்று கூறும் மரபு உண்டு. எனவே வரையறை வகுக்கும் கலை இம்மண்ணுக்குப் புதிதன்று என்று கூறுவோரும் உளர். அப்பெருமை ஒருபுறம் நிற்க.

மேலை மருத்துவத்தைத் தமிழில் விரிவாக எழுதிக் கற்பித்த முதற் பெருமுயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். 1852-இல் உடலமைப்பும் உடலின் தொழிற்பாடும் பற்றிய நூல் ஒன்றைத் தமிழில் வெளியிட்டார். பின்னர் 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் உருவாயின. தமிழில் சொல் உளதாயின் அதனைக் கொள்வது, இன்றேல் வடமொழியை நாடுவது, அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இயைய எழுதுவது என்பது அவர் கைக்கொண்ட முறை. கெமிஸ்தம் என்பது அம்மூன்றாம் வழியிற் பிறந்த சொல். அது நிலைக்கவில்லை. எனினும் அச்சொற்களைக் கொண்டு படித்தவர்கள் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தனர் என்பதை மறத்தலாகாது. பிற்காலக் குழுக்கள் பலவற்றின் பட்டியல்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

கொங்கு மண்டலத்தில் இம்முயற்சி சேலத்தில் தொடங்கிற்று. 1916-இல், அங்கு வழக்கறிஞராக இருந்த இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவி, இதழும் வெளியிட்டனர். சங்கத்தின் பெயரே அக்காலத்து மொழிநடையைக் காட்டும். அதனைத் தொடர்ந்த கால் நூற்றாண்டு பெரும்பாலும் வடசொல் வழக்கிலேயே கழிந்தது. 1936-இல் சென்னையில் விபுலாநந்த அடிகள் தலைமையிற் கூடிய சொல்லாக்க மாநாடும், 1938-இல் வெளிவந்த 'கலைச்சொற்கள்' நூலும் தமிழ்ப்பக்கம் நின்றன. 1940-இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைந்த அரசுக் குழுவின் வடமொழிச் சார்பு கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பௌதிகம் இயற்பியலாகவும், இரசாயனம் வேதியியலாகவும் பின்னாளில் மாறியதற்கு இப்போராட்டமே வித்து. ஆனால் பௌதிகத்தை எவ்வாறு எளிதில் விளக்குவது என்பதை இரு தரப்பாரும் அந்த அளவு எண்ணியதாகத் தெரியவில்லை.

அவ்வெண்ணம் செயலானது நாடு விடுதலை பெற்ற காலத்தில். கோவையில் 1930-இல் இராமகிருஷ்ண வித்தியாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வியமைச்சராக இருந்தார். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1946-இல் அவர் முயற்சியால் தோன்றியது. அதன் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியராக அமர்ந்தவர் மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெ. தூரன். முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. ஒன்பதாம் தொகுதி 1963-இல். இணைப்புத் தொகுதியாகிய பத்தாவது 1968-இல்.

பட்டியலுக்கும் களஞ்சியத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சொல்லைக் கொண்டே உணரலாம். 'ஆஸ்மாசிஸ்' என்பதற்கு நேரே 'சவ்வூடு பரவல்' என எழுதியதும் பட்டியலாளரின் கடமை முடிந்துவிடுகிறது. சொல்லும் அழகிய சொல்; ஒன்று சவ்வின் ஊடே பரவுகிறது என்பது கேட்ட அளவிலேயே விளங்கும். ஆயின் பரவுவது கரைபொருளா, கரைப்பானா? செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கா, மறுதலையாகவா? கரைப்பான் செறிவு குறைந்த கரைசலிலிருந்து மிகுந்த கரைசலை நோக்கிச் செல்கிறது என்பதைச் சொல் கூறாது. வரையறையே கூற வேண்டும். இந்த நிகழ்வை அறியாமல், உப்பிட்ட மாங்காய் நீர்விட்டுச் சுருங்குவதை விளக்க இயலாது. களஞ்சியக் கட்டுரையாளர் ஒவ்வொருவரும் இத்தகைய வினாக்களுக்குத் தமிழ் வாக்கியத்தில் விடை எழுத வேண்டியிருந்தது. கவிஞரும் இசைப்பாடல் ஆசிரியருமான தூரன் ஏறக்குறைய இருபதாண்டுகளை இப்பணிக்கு ஈந்தார். அவர்தம் கீர்த்தனைகளைப் பாடுவோர் பலர். களஞ்சியத்தைப் புரட்டுவோர் சிலரே.

அதே காலத்தில் கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' என்னும் அறிவியல் திங்களிதழை நடத்தினார். நூலில் உறங்கும் சொல்லுக்கும் திங்கள்தோறும் வாசகர் கைக்குச் செல்லும் சொல்லுக்கும் வேறுபாடு பெரிது. விளங்காத சொல்லை அடுத்த இதழில் மாற்றிக்கொள்ளலாம். பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராக இருந்தபோது, 1960-இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் பட்டப்படிப்புத் தமிழ் வழியில் தொடங்கப்பெற்றது. தேர்வெழுதும் மாணவர்க்கு நிகர்ச்சொல் மட்டும் போதாது. 'வரையறு' என்னும் வினாவுக்கு விடை வேண்டும். கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் வெளியிடும் அரசுப் பணி அதன்பின் விரைவு பெற்றது.

மருத்துவக் கல்வி மட்டும் இவ்வட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. கோவை மருத்துவக் கல்லூரி 1966-இல் தோன்றியது, பயிற்றுமொழி ஆங்கிலமே. ஆகவே மருத்துவர்க்கும் நோயாளிக்கும் இடையே பாலமாக அமைந்தவை தமிழ்ச் சொற்கள் அல்ல, பி.பி., ஈ.சி.ஜி., டி.பி. முதலிய ஆங்கிலக் குறுக்கங்களே. குறுக்கம் என்பது விரிவை அறிந்தவர்க்கே வசதி. அறியாதார்க்கு அது வெறும் ஒலி. சொல்லாக்கக் குழுக்கள் முழுச்சொல்லுக்கு மெனக்கெட்ட அளவு குறுக்கத்துக்கு மெனக்கெடவில்லை. 'இதயத் துடிப்பு மின்வரைவு' என எழுதினர். அதனைச் சீட்டில் எவ்வாறு சுருக்குவது என்று கூறவில்லை. இத்தனைக்கும் குறுக்கங்கள் மாற்றவொண்ணாதவை அல்ல. எயிந்தோவன் வளர்த்த அக்கருவிமுறைக்கு செர்மானிய எழுத்துவழியில் ஈ.கே.ஜி. என்பதே சுருக்கம், அமெரிக்க மருத்துவர் பலர் அதனையே வழங்க, ஆங்கிலேயர் தம் எழுத்துக்கு ஏற்ப ஈ.சி.ஜி. என மாற்றிக்கொண்டனர்.

மருந்துச் சீட்டில் எழுதப்படும் பி.டி., டி.டி.எஸ். என்பன ஆங்கிலமும் அல்ல. நாளுக்கு இருமுறை, மும்முறை எனப் பொருள்படும் இலத்தீன் தொடர்களின் முதலெழுத்துகள். சீட்டைக் கையில் வாங்கும் நோயாளிக்கு அவற்றால் பயனில்லை. ஒரு வேளைக்கு உரிய மருந்தை மூன்று வேளை உண்டுவிட்டால் வரும் தீங்கு சிறிதன்று. இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது எந்தக் கலைச்சொற் குழுவும் அன்று. சீட்டிலும் மாத்திரை உறையிலும் எழுதப்படும் 1-0-1 என்னும் குறியீடே. காலையில் ஒன்று, நண்பகலில் இல்லை, இரவில் ஒன்று. எழுத்தறியாத பாட்டியும் உறையைத் திருப்பிப் பார்த்து, நடுவில் சுழி இருப்பதைக் கண்டு, மதிய மாத்திரையை விடுத்துவிடுகிறாள்.