பூட்டிய அறைக்குள் ஓர் இலக்கிய மன்றம்

கல்லூரி இலக்கிய மன்றம் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? மேடை, ஒலிபெருக்கி, மாலை, பொன்னாடை! இன்று நாம் பேசப்போவது, கதவைச் சாத்திக்கொண்டு கூடிய ஒரு மன்றத்தைப் பற்றி.

ஆண்டு 1820. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டாம்லின்சன் என்ற மாணவரும் நண்பர்களும் ஓர் உரையாடல் சங்கம் தொடங்கினார்கள். மொத்தம் 12 பேர். இயேசுநாதரின் சீடர்களும் பன்னிருவர் அல்லவா? 'அப்போஸ்தலர்கள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இதில் சேர யாரும் விண்ணப்பிக்க முடியாது. சங்கமே ஆளைக் கவனித்துத் தேர்ந்தெடுக்கும். அப்படிக் கவனிக்கப்படுபவர் 'கரு'. சேரும் நாள் 'பிறப்பு'. படிப்பு முடிந்து விலகியவர் 'தேவதூதர்'. சனிக்கிழமை இரவு ஒருவர் கணப்படுப்பின் முன் நின்று கட்டுரை வாசிப்பார். விவாதம் நடக்கும், பிறகு வாக்கெடுப்பு. வாட்டிய ரொட்டியின்மேல் நெத்திலி வைத்துப் பரிமாறுவார்கள். அந்த நெத்திலிக்குப் பெயர் 'திமிங்கிலம்'! வாசித்த கட்டுரைகள் ஒரு மரப்பேழைக்குள் போய்விடும்.

ஏன் இவ்வளவு ரகசியம்? மனத்தில் பட்டதை அச்சமின்றிச் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். கடவுள், அரசு, ஒழுக்கம் எதையும் கேள்வி கேட்கலாம். நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிக்கொள்ளலாம், யாரும் கேலி செய்யமாட்டார்கள். ஆனாலும் எல்லோருக்கும் அது கைவரவில்லை. 1829இல் சேர்ந்த டென்னிசன், பேய்களைப் பற்றி எழுதிய கட்டுரையைக் கூச்சத்தால் கிழித்துப் போட்டார். விரைவில் சங்கத்தை விட்டும் விலகினார். அந்தக் கூச்ச மாணவர்தான் 1850இல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ஆனார்!

இந்தச் சங்கத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. 1902இல் சேர்ந்த லெனார்ட் வுல்ஃப், 1905இல் ஆங்கிலேய அதிகாரியாக யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்து சங்க நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு மனம்திறந்து கடிதங்கள் எழுதினார். 1911இல் நாடு திரும்பியவர், 1913இல் இலங்கைக் கிராம மக்களின் துயரத்தை நாவலாக்கினார். பிற்காலத்தில் காலனி ஆட்சியையே கடுமையாக விமர்சித்தார்.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. முதல் நூறு ஆண்டுகளில் அந்த அறைக்குள் ஒரு பெண்ணுக்கும் இடமில்லை. இதே சங்கத்தின் கை பர்ஜஸ் 1951இல் சோவியத் நாட்டுக்குத் தப்பியோடினார். அரண்மனை ஓவியங்களின் பொறுப்பாளராக இருந்த அந்தோணி பிளண்டும் சோவியத் உளவாளிதான் என்பது 1979இல் நாடாளுமன்றத்தில் அம்பலமானது. சங்கம் அவர்களை உளவாளிகளாக்கியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நண்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்ற பழக்கம் உண்மைக்கு மட்டுமல்ல, பொய்க்கும் நிழல் தரும் என்பதை உலகம் அன்று கண்டது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! தவறாகப் பேசிப் பார்க்கவும், பேசியதைத் திருத்திக்கொள்ளவும் நம் பிள்ளைகளுக்கு ஓர் அறை தேவை. முதல் பேச்சுக்கே மேடையும் கேமராவும் வைத்தால், மனப்பாடம்தான் வரும், சிந்தனை வராது. கதவு சாத்தியிருக்கட்டும். ஆனால் உள்ளே பேசியதற்கு நாளை வெளியே வந்து பொறுப்பேற்கும் துணிவையும் சேர்த்தே கற்றுக்கொடுப்போம்.