மழித்த தலையும் பிளவுண்ட மனமும்

இளைஞன் ஒருவன் தன் தலைமயிரை ஒட்டக் கத்தரித்துக்கொள்வதிலும் வரலாறு உண்டா? உண்டு. பிரித்தானியாவில் 'ஸ்கின்ஹெட்' எனப் பெயர்பெற்ற இளைஞரின் கதை அதற்குச் சான்று.

1960களின் பிற்பகுதியில், இலண்டனின் கிழக்குப் பகுதி முதலான தொழிலாளர் குடியிருப்புகளிலே இவர்கள் தோன்றினர். பழைய தெருக்கள் இடிக்கப்பட்டு, துறைமுகத் தொழில் நலியத் தொடங்கிய காலம் அது. தொழிலாளியின் கனத்த சப்பாத்தையும் தோட்பட்டியையும் இவர்கள் தமது கோலமாக்கிக்கொண்டனர். சிதைந்துபோகும் சமூகத்தை உடையிலேனும் மீட்டுக்கொள்ளும் முயற்சி இது என்றார், 1970களில் இதனை ஆராய்ந்த ஜோன் கிளாக்.

இவர்கள் எந்த இசைக்கு ஆடினர்? யமேய்க்காவின் இசைக்கே. 1968இல் தொடங்கிய 'ட்ரோஜன்' நிறுவனத்தின் இசைத்தட்டுகள் இவர்களது செல்வமாயின. அயலில் வாழ்ந்த கறுப்பின இளைஞரின் நடையுடைகளிலிருந்தும் இவர்கள் கடன்பெற்றனர். கறுப்பின இளைஞர் சிலரும் இக்கூட்டத்தில் இருந்தனர்.

ஆயினும், அதே சப்பாத்துகளே தெற்காசியக் குடியேறிகளை உதைத்தன. 1970ஆம் ஆண்டளவிலேயே இத்தாக்குதல்கள் பத்திரிகைச் செய்திகளாயின. வேலையைப் பறித்தவன் முதலாளியல்லன், பக்கத்து வீட்டு வங்காளியே என நம்புவது எளிதாயிருந்தது. 1967இல் உருவான 'தேசிய முன்னணி' பிற்காலத்தில் இந்த நம்பிக்கைக்கு நெய் வார்த்தது. 1981 யூலை 3ஆம் நாள், சவுத்ஹோலில் ஸ்கின்ஹெட் கூட்டத்தினர் திரண்டிருந்த இசைநிகழ்ச்சி கலவரமாயிற்று. அது நடந்த மதுச்சாலைக்கு ஆசிய இளைஞர் தீமூட்டினர்.

அக்கோலத்தை நேசித்து, இனவெறியை வெறுத்தவன் யாது செய்வான்? சிலர் விலகினர். சிலர் விலக மறுத்தனர். 1979இல் கொவென்றி நகரில் ஜெரி டாமேர்ஸ் தொடங்கிய 'டூ டோன்' நிறுவனம் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. 1987இல் நியூயோர்க்கில் இனவெறிக்கு எதிரான ஸ்கின்ஹெட்டுகளின் அமைப்பொன்று தோன்றியது. ட்ரோஜன் நிறுவனத்தின் தலைக்கவசச் சின்னமே அதற்கும் சின்னமாயிற்று.

எனினும் இங்கொரு சிக்கலைக் காணாதிருத்தல் தகாது. '1969இன் உணர்வுக்குத் திரும்புவோம்' என்று இவர்களிற் பலர் முழங்கினர். ஆனால் அந்நாட்களும் குற்றமற்ற பொற்காலமல்ல. நடனமும் தாக்குதலும் ஒரே தெருவிலேயே நிகழ்ந்தன. தன் கூட்டத்தை நேசிப்பவன் அதன் கறையையும் தன்னுடையதென ஏற்றாலன்றி அந்நேசம் முழுமை பெறாது. இது இளைஞர் கூட்டங்களுக்கு மாத்திரம் பொருந்துவதன்று. மொழி, இனம், கட்சி யாவற்றுக்கும் பொருந்தும்.

ஆசிரியராகிய நாம் மாணவனின் சிகையைக் கண்டு சினப்பது எளிது. அவன் எதை இழந்து அக்கோலத்தைத் தேடினான் என்று வினவுவதே கடினம். நாம் வினவாவிடில், விடையோடு அவனை அணுகுவோர் வேறு சிலராயிருப்பர்.