பரீட்சைத் தாளுக்குள் திவாலான வங்கிகள்

பேங்க் வேலைக்காரர்கள் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற எழுத்துக்கள் பழக்கமாகியிருக்கும். அப்பாவோ சித்தியோ ஆபீஸ் விட்டு வந்து, சாப்பிட்டு முடித்து, தடியான ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தால் வீட்டில் டிவி சத்தம் குறையும். டிகிரி முடித்து வேலைக்கும் வந்தாச்சு, இன்னும் என்ன படிப்பு என்று கேட்டால், பாஸ் பண்ணினால் இன்கிரிமென்ட் உண்டு, பிரமோஷனுக்கும் உதவும் என்று பதில் வரும். எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் முடித்துவிட்டு வந்தவர்களும் இதற்குத் தப்ப முடியாது. பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு சம்பள விவகாரம்தான். யாரையும் குறை சொல்லலை, நானும் அதற்காகத்தான் புத்தகத்தைத் திறந்தேன் :-)

படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. பாடத்திட்டத்தைப் பார்த்தால் ஏதோ ஒரு கமிட்டி உட்கார்ந்து, அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, சாவகாசமாக எழுதியது போலத் தெரியும். ஆனால் எந்த அத்தியாயத்தின் அடியில் தோண்டினாலும் ஒரு பேங்க் செத்துக் கிடக்கிறது. அங்கே பணம் போட்டவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

உதாரணத்துக்கு, நம்ம ஆட்கள் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்யும் 'கிளேட்டன் வழக்கு'. 1816-ல் லண்டனில் தீர்ப்பானது. டெவைன்ஸ் என்பவர் ஒரு பேங்கில் பங்குதாரர், 1809-ல் இறந்துவிடுகிறார். மிச்சமிருந்த பங்குதாரர்கள் அதே பேங்கைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். அடுத்த வருஷமே பேங்க் திவால். கிளேட்டன் என்ற வாடிக்கையாளர், "டெவைன்ஸ் உயிரோடு இருக்கும்போதே என் பணம் உள்ளே இருந்தது, அவர் சொத்திலிருந்து கொடுங்க" என்று கேஸ் போட்டார். கோர்ட் என்ன சொன்னதென்றால், "டெவைன்ஸ் இறந்த பிறகு நீ அந்தக் கணக்கில் பணம் எடுத்திருக்கிறாய், போட்டிருக்கிறாய். எடுத்ததெல்லாம் முதலில் போட்ட பணத்திலிருந்து எடுத்ததாகத்தான் அர்த்தம். பழைய பணத்தை நீ எப்போதோ எடுத்து முடித்துவிட்டாய். இப்போ நிற்கிற பாக்கி புதுசு, அதுக்கும் செத்தவருக்கும் சம்பந்தமில்லை." கேஸ் தோற்றது.

இருநூறு வருஷத்துக்கு முந்தின லண்டன் கதை நமக்கெதற்கு என்று தோன்றும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 61-வது பிரிவில் இதே விதிதான் இருக்கிறது. உங்க கிளையில் ஒரு பார்ட்னர்ஷிப் கம்பெனிக்கு 10 லட்சம் கேஷ் கிரெடிட் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்குதாரர் இறந்துபோகிறார். மானேஜர் பாவம் பார்த்துக் கணக்கை அப்படியே ஓடவிடுகிறார். அடுத்த ரெண்டு மாசத்தில் கம்பெனி 10 லட்சம் கட்டி 10 லட்சம் எடுக்கிறது. லெட்ஜரில் பாக்கி அதே 10 லட்சம்தான், ஒண்ணும் மாறவில்லை. ஆனால் சட்டப்படி பழைய கடன் அடைந்துவிட்டது, நிற்பது புதுக் கடன். இறந்தவரின் சொத்திலிருந்து ஒரு பைசா வசூலிக்க முடியாது. அதனால்தான் பங்குதாரர் இறந்த செய்தி வந்ததுமே கணக்கை நிறுத்து, புதுக் கணக்கு திற என்று பாடம் அடித்துச் சொல்கிறது. பரீட்சையில் இதற்கு ஒரு மார்க், கிளையில் 10 லட்சம்.

இன்னொன்று 1848-ம் வருஷத்து 'ஃபோலி எதிர் ஹில்'. நீங்கள் பேங்கில் போட்ட பணம் போட்ட நிமிஷத்திலிருந்து பேங்குடைய பணம், நீங்கள் வெறும் கடன்காரர் (கடன் கொடுத்தவர் என்ற அர்த்தத்தில்!), அவ்வளவுதான் என்று பிரபுக்கள் சபை சொன்னது. 'வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு' என்று முதல் பாடமாக வருவது இதுதான். படிக்கும்போது சப்பென்று இருக்கும். ஆனால் பேங்க் விழும்போது கதவுக்கு வெளியே நிற்கிற ஒவ்வொருத்தருடைய தலையெழுத்தும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

மெட்ராஸ்காரர்களுக்கு இது 1906 அக்டோபர் 22-ம் தேதி புரிந்தது. அர்பத்நாட் கம்பெனி அன்று கதவை மூடியது. நூறு வருஷத்துக்கும் மேலான வெள்ளைக்கார நிறுவனம், தலைவர் சர் பட்டம் வாங்கினவர், அப்புறம் எவனுக்குச் சந்தேகம் வரும்? பென்ஷன் வாங்குகிறவர்கள், வக்கீல்கள், சேமிப்பை நம்பிக் கொடுத்த குடும்பங்கள் என்று ஊரே அங்கேதான் பணம் போட்டிருந்தது. லண்டனிலிருந்த அதன் சகோதர நிறுவனம் சூதாட்டம் போல வியாபாரம் செய்து கவிழ்ந்தபோது இங்கேயும் எல்லாம் போயிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று இந்தியன் வங்கியை ஆரம்பிக்க வைத்தார். 1907 ஆகஸ்ட் 15 அன்று அது திறந்தது. இந்தத் தேதிக்கு நாற்பது வருஷம் கழித்து வேறு அர்த்தம் வந்தது தனிக்கதை.

சொந்த பேங்க் ஆரம்பித்தாச்சு. நடத்தத் தெரிந்தவர்கள்? வெள்ளைக்கார பேங்குகளில் நம்மவர்கள் குமாஸ்தாக்கள்தான். லெட்ஜர் எழுதலாம், கடன் கொடுக்கும் முடிவு மேலே இருக்கிற துரையுடையது. துரைகளுக்கு லண்டனில் 1879-லேயே ஒரு இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கர்ஸ் இருந்தது, அது பரீட்சையும் வைத்தது. பம்பாயில் சார்ட்டர்ட் பேங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்த சொராப்ஜி போச்கானாவாலா என்ற பார்சி இளைஞர் அந்த லண்டன் பரீட்சையை எழுதித் தேறினார். அப்படித் தேறிய முதல் இந்தியர் அவர்தான் என்பார்கள். 1911-ல் அவர் ஆரம்பித்ததுதான் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா. எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். நம்ம ஊர் பேங்கர் ஒருத்தர் பரீட்சைத் தாளை ஆயுதமாகப் பிடித்த முதல் சம்பவம் இது.

அவருடைய பேங்க் ரெண்டே வயசாக இருக்கும்போது புயல் வந்தது. 1913-ல் லாகூரில் பீப்பிள்ஸ் பேங்க் விழுந்தது. அதே வருஷம் பம்பாயில் இந்தியன் ஸ்பீஷி பேங்க், வெள்ளிச் சூதாட்டத்தில். 1913-க்கும் 1918-க்கும் நடுவே 94 பேங்குகள் மூடப்பட்டன. கொஞ்சூண்டு முதல், டெபாசிட்டைத் திருப்பித் தரக் கையில் காசில்லை, போட்ட கடனெல்லாம் நீண்ட காலத்துக்கு. இந்த மூன்றுக்கும் இன்றைய பாடத்திட்டத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: மூலதனப் போதுமை, ரொக்க நிர்வாகம், சொத்துக்கும் கடனுக்கும் இடையே காலப் பொருத்தம். பெயர் பெரிதாகிவிட்டது, வியாதி அதேதான். சென்ட்ரல் பேங்க் தப்பியது.

இந்தப் பின்னணியில்தான் 1928-ல் பம்பாயில் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கர்ஸ் பதிவானது. நம்ம சி.ஏ.ஐ.ஐ.பி.யின் தாய்வீடு. ரிசர்வ் வங்கியே 1935-ல்தான் வந்தது, அதற்கு முன்பே பரீட்சை வைக்க ஆள் வந்தாச்சு! பிற்பாடு நிறுவனத்தின் பெயரில் பேங்கிங்கும் ஃபைனான்ஸும் சேர்ந்தன. சான்றிதழ் மட்டும் இன்னும் பழைய பெயரின் எழுத்துக்களையே சுமக்கிறது.

1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க். திவான் சர் சி.பி.யின் பகைதான் காரணம்னு ஒரு கட்சி, பேங்கே உள்ளுக்குள் பலவீனம்னு இன்னொரு கட்சி, இன்றுவரை சண்டை ஓயவில்லை. மூணே வயசான ரிசர்வ் வங்கி கை கொடுக்கவில்லை என்ற கோபம் தெற்கே ரொம்ப நாள் இருந்தது. வங்கிகளுக்கென்று தனிச்சட்டம் வேணும் என்ற பேச்சு அதன் பிறகு சூடு பிடித்து, 1949-ல் சட்டமானது. பரீட்சை எழுதுகிறவர்கள் பிரிவு எண் பிரிவு எண்ணாக நெட்டுரு போடுவது இதைத்தான்.

1960 ஆகஸ்ட்டில் பாலாய் சென்ட்ரல் பேங்க். கோட்டயம் பக்கத்திலுள்ள பாலா என்ற ஊரில் பிறந்து கேரளத்திலேயே பெரிய வங்கியாக வளர்ந்தது. ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டபடி கேரள உயர் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. நாடே கலங்கியது. உடனே ரெண்டு காரியம் நடந்தது. வங்கிச் சட்டத்தின் 45-வது பிரிவைப் பலப்படுத்தி, நொடித்த வங்கியை முடக்கி வைத்து இன்னொரு வங்கியோடு கட்டாயமாக இணைக்க வழி செய்தார்கள். டெபாசிட் இன்ஷூரன்ஸ் சட்டம் 1961-ல் வந்து, 1962 ஜனவரி 1 முதல் அமல். ஒருத்தருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய் வரை உத்தரவாதம். ஃபோலி வழக்கில் 'நீ வெறும் கடன்காரர்' என்று சொல்லப்பட்டவருக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் பிடிமானம் கிடைத்தது. இந்தத் தொகை 1993-ல் 1 லட்சமாகி, பிறகு 27 வருஷம் அசையவே இல்லை. 2019-ல் பம்பாயில் ஒரு கூட்டுறவு வங்கியில், பி.எம்.சி., முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதென்று ஆன பிறகுதான் 2020-ல் 5 லட்சமானது. வங்கி முடக்கப்பட்டால் 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் கைக்கு வரணும் என்ற திருத்தம் 2021-ல்.

வெளிநாட்டுப் பிணங்களும் உண்டு. 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஸ்டாட் பேங்கை மாலையில் மூடினார்கள். அப்போது நியூயார்க்கில் காலை நேரம். ஐரோப்பாவில் மார்க் கொடுத்து முடித்தவர்களுக்கு அமெரிக்காவில் டாலர் வரவில்லை. அந்த வருஷ முடிவில் பாசல் கமிட்டி உருவானது. 1988-ல் அது 8 சதவீத மூலதனம் வேணும் என்றது, நம்ம ரிசர்வ் வங்கி ஒருபடி மேலே போய் 9 சதவீதம் என்றது. 9-ஐ எல்லோரும் சரியாக டிக் அடிக்கிறார்கள். ஹெர்ஸ்டாட் யாரென்று கேட்டால் முழிக்கிறார்கள்.

கடைசியாக நம்ம கரூர். 1926-ல் ஊர் வியாபாரிகள் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்த லட்சுமி விலாஸ் வங்கியை 2020 நவம்பர் 17 அன்று அந்த 45-வது பிரிவின்படி முடக்கினார்கள். 25,000 ரூபாய் வரைதான் எடுக்கலாம். பத்தே நாளில், 27-ம் தேதி, டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைப்பு. டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் பத்திரம். பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்யம். 318 கோடி ரூபாய்ச் சொச்சத்துக்கு இருந்த இரண்டாம் அடுக்கு மூலதனப் பத்திரங்களும் பூஜ்யம். இந்தியாவில் இந்த வகைப் பத்திரம் இப்படி அழிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. மூலதனத்தை முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று பாடத்தில் பிரித்துச் சொல்வார்களே, இழப்பை எந்த வரிசையில் யார் தாங்குவது என்ற பட்டியல்தான் அது. தாங்கினவர்களில் கரூர்க்காரர்களும் இருந்தார்கள்.